ஏரேட்டரும் இறாலின் எதிர்ப்புச் சக்தியும்

நாகப்பட்டினம் கடற்கரையில் வெண்ணுரை தெறிக்க ஏரேட்டர்கள் எனும் காற்றூட்டும் சக்கரங்கள் சுழலும் வனாமி இறால் குட்டைகளைக் காண்போர், அங்கே இறாலின் பிராணவாயுத் தேவை பூரணமாகத் தீர்ந்துவிட்டதென்றே எண்ணுவர். 2009இல் இந்தியாவில் வளர்க்க அனுமதி பெற்ற இவ்வினத்தைச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகள் வரை வளர்ப்பது இச்சக்கரங்கள் இன்றிச் சாத்தியமில்லை. நீரில் காற்றைக் கலப்பதோடு, மேல்நீரையும் அடிநீரையும் புரட்டி, கழிவைச் சுழலோட்டத்தால் நடுவே ஒதுக்கி, மேய்ச்சலுக்குத் தூய ஓரத்தையும் அவை அளிக்கின்றன. இந்நன்மையை மறுப்பது நியாயமன்று. ஆயினும் இறாலை உயிரோடு வைத்திருக்கும் அளவு பிராணவாயு, நோயோடு போரிடவும் அதற்குப் போதும் என்று கொள்வதே இம்முறையின் பெரும் பிழை.

வந்த நோயை நினைவிற்கொண்டு எதிர்ப்பொருளை ஆக்கும் சக்தி இறாலுக்கு இல்லை. அதன் ரத்த அணுக்களே கிருமியை விழுங்கியும், சூழ்ந்து முடிச்சாக்கியும், நொதியின் துணையால் கறுக்கவைத்தும் அழிக்கின்றன. இவற்றிற் சில காரியங்களுக்குப் பிராணவாயுவே நேரடிச் செலவு. 1998இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், லிட்டருக்கு 1 மில்லிகிராம் பிராணவாயு மட்டுமே உள்ள நீரில் 24 மணி நேரம் இருந்த நீல இறால்களின் ரத்த அணுக்கள் குறைந்தன. விப்ரியோ கிருமி தாக்கியபோது அந்த இறால்கள் அதிகமாக மடிந்தன. இதனினும் கொடிது ஒன்றுண்டு. கிருமியைச் சூழ்ந்த அணுமுடிச்சுகள் செவுள்களில் தங்கி மூச்சையே தடுப்பதை நண்டுகளிடம் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். மூச்சுக் குறைந்த நீரில் போரிடும் பிராணி, போரிடுவதாலேயே மேலும் திணறுகிறது.

பகலில் பிராணவாயுவைத் தரும் நுண்பாசியே இரவில் அதை உண்பதால், விடியலுக்குச் சற்று முன்னர் குட்டையில் பிராணவாயு மிகக் குறைந்துவிடுகிறது. அந்நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் இறால்கள் மேலே வந்து நீந்துவதைக் கண்ட பின்பு, டீசல் செலவுக்கு அஞ்சி நிறுத்திவைத்த ஏரேட்டரை முடுக்குவது பலரது வழக்கம். அதற்குள் அவற்றின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்திருக்கும். மேல்நீரை மட்டும் அளந்து நிறைவுறுவோரும் உளர். இறால் வாழ்வதோ, தீவன மிச்சமும் சேறும் பிராணவாயுவைக் குடித்துக்கொண்டிருக்கும் அடித்தரையில்!

வெள்ளைப்புள்ளி நோயின் வைரஸ் நல்ல நீரிலும் பேரழிவைச் செய்யும். எல்லாப் பழியையும் பிராணவாயுவின்மேல் சுமத்துதல் தகாது. ஆனால் ஏரேட்டர் இருக்கிறதென்ற தைரியத்தில் குஞ்சைப் பெருக்கி, தீவனத்தைப் பெருக்கி, பிறகு எதிர்ப்புச் சக்தி மருந்தைப் பொட்டலமாக வாங்கித் தீவனத்தில் கலப்பது, காரணத்தை வளர்த்துக்கொண்டே விளைவுக்கு வைத்தியம் செய்வதாகும்.

பண்ணையாளர்களே, மருந்துக்கு முன்னர் ஒரு பிராணவாயு அளவுமானி வாங்குங்கள். விடியற்காலையில் அடிநீரை அளந்து, பிராணவாயு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் காலைத் தீவனத்தைக் குறையுங்கள்; அடிக்கடி இறங்குமாயின் அடுத்த பட்டத்தில் குஞ்சைக் குறையுங்கள்.