கரைத்தது எதில்?

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடையில் ஓமம் வாங்கி வந்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் வயிற்றுப் பிடிப்புக்கு ஓமத் தண்ணீர் தயார். அதே ஓமம் மருந்தியல் ஆய்வகத்துக்குப் போனால் பெரும்பாலும் மெத்தனாலில் ஊறும். மெத்தனாலை ஆவியாக்கி, மிஞ்சிய பிசினை டிஎம்எஸ்ஓ என்னும் திரவத்தில் கரைத்து, 37 பாகை வெப்பத்தில் உப்புக் கரைசலில் தொங்கும் முயல் குடல் துண்டுக்குக் கொடுக்கிறார்கள். துண்டு தளர்கிறது. பாட்டி வைத்தியம் நிரூபணமானதாகக் கட்டுரை வெளியாகிறது. பாட்டி கொடுத்ததும் இவர்கள் சோதித்ததும் ஒரே பொருள்தானா?

குடல் துண்டுச் சோதனையை நான் மதிக்கிறேன். தசைச் செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம், உள்ளே இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு அதிகம். செல் சவ்வின் வாயில்கள் திறந்தால் அது உள்ளே பாய்ந்து கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்கிறது. அந்தச் சேர்க்கை ஒரு நொதியை முடுக்க, மயோசின் இழை ஆக்டினைப் பிடித்து இழுக்கிறது, தசை சுருங்குகிறது. கரைசலில் பொட்டாசியத்தைக் கூட்டினாலே இந்த வாயில்கள் திறந்துகொள்ளும். அப்படிச் சுருங்கிய துண்டைத் தாவரச் சாறு தளர்த்தினால், அது வாயிலை அடைக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். கால்சியமே இல்லாத கரைசலில் வைத்து, பிறகு கால்சியத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் உறுதிப்படும். இவ்வளவு நேரடியாகப் பதில் சொல்லும் முறைகள் குறைவு. சேலம் பக்கம் பயிராகும் மருந்துக் கூர்க்கன் கிழங்கிலிருந்து 1970களில் மும்பையிலும் லக்னோவிலும் பிரித்தெடுத்த ஃபோர்ஸ்கோலின், தசையைத் தளர்த்தும் வழியைக் காட்டி உலக ஆய்வகங்களுக்கே கருவியானது. தென் அமெரிக்கச் செடியொன்றின் ரையனோடின் இல்லாமல், செல்லுக்குள் கால்சியம் சேமிப்பிலிருந்து வெளிவரும் கதவை இவ்வளவு எளிதில் அடையாளம் கண்டிருக்க முடியாது.

ஆனால் ஃபோர்ஸ்கோலின் தண்ணீரில் சரியாகக் கரையாது; கரைக்க வேறொரு திரவம் வேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

கரைப்பான் சும்மா இருப்பதில்லை. இதை முதலில் காட்டியது தண்ணீர்தான். 1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்யாமல் உதவியாளர் குழாய்த் தண்ணீரில் செய்திருந்தது பிறகுதான் தெரிந்தது. வடித்த நீருக்கு மாற்றியதும் துடிப்பு அடங்கியது. துடிக்க வைத்தது குழாய்த் தண்ணீரிலிருந்த கால்சியம். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கொதித்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதிலும் இருப்பது அதுதான்.

சாற்றைக் கரைக்க எடுக்கும் இன்னொரு திரவமான எத்தனாலுக்கு வருவோம். குடல் துண்டு தொங்கும் கலத்தைப் பாத் என்பார்கள். 20 மில்லி கொள்ளும் பாத்தில் எத்தனாலில் கரைத்த சாறு 0.2 மில்லி விட்டால் எத்தனால் 1 விழுக்காடு. அதாவது 100 மில்லிக்குச் சுமார் 790 மில்லிகிராம். வண்டி ஓட்டுபவர் இரத்தத்தில் நம் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம். ஏறக்குறைய 26 மடங்கு போதையில் மிதக்கும் குடல் துண்டு தளர்ந்தால், பெருமை ஓமத்துக்கா? எத்தனாலே கால்சியம் வாயில்களை மந்தப்படுத்தும். செய்முறை வகுப்பில் ஒருமுறை சாறில்லாமல் கரைப்பானை மட்டும் விட்டேன், துண்டு தளர்ந்தது. அந்த வரைபடத்தைப் பதிவேட்டில் ஒட்ட வேண்டாம் என்றார்கள். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. 1851இல் நாட்டிங்காமில் பிறந்து நம் தொட்டில்கள் வரை வந்த கிரைப் வாட்டரின் பழைய கலவையிலும் சோயிக்கீரை எண்ணெயோடு சாராயம் இருந்தது. குழந்தையை அடக்கியது எது என்று எத்தனை தலைமுறை கேட்டது?

கரைப்பான் செடியிலிருந்து எதை எடுப்பது என்றும் முடிவு செய்கிறது. ஓமத்தின் தைமால் தண்ணீரில் கொஞ்சமே கரையும், கொதிக்கும்போது ஆவியோடும் போய்விடும்; மெத்தனாலில் தாராளமாக இறங்கும். தண்ணீரோ செடியின் பொட்டாசிய உப்புகளை அள்ளிக்கொண்டு வரும். பொட்டாசியம் மிகுந்தால் தசையைச் சுருக்கும். ஒரே விதையின் இரண்டு சாறுகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கலாம். கடையில் விற்கும் ஓம வாட்டர் ஆவியில் வடித்தது. அது மூன்றாவது பொருள்.

அளவும் அப்படித்தான். காப்பியின் கஃபீன் தவளைத் தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிட்டு இறுக்குவது பாடப்புத்தக உண்மை. ஆனால் அதற்கு வேண்டிய அடர்வு, டிகாக்ஷன் குடித்தவர் இரத்தத்தில் இருப்பதைவிட நூறு மடங்குக்குக் குறையாது.

வைத்தியர் கொடுத்ததும் ஆய்வகம் சோதித்ததும் ஒன்றுதானா என்ற சண்டை சென்னைக்குப் புதிதல்ல. 1918 முதல் 1920 வரை டாக்டர் எம்.சி. கோமன் அரசுக்காக நாட்டு மருந்துகளை ஆராய்ந்து அறிக்கை தந்தபோது, திராவிட வைத்திய மண்டலும் சென்னை ஆயுர்வேத சபையும் 1921இல் மறுப்பு வெளியிட்டன. வைத்திய முறையை விட்டுவிட்டு மருந்தை மட்டும் தனியே எடுத்துச் சோதித்தது தவறு என்பது அவர்கள் வாதத்தின் சாரம். வைத்தியர்கள் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. தேன், நெய், வெந்நீர் என்று மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அனுபானம் குறிப்பதும், தாதகிப் பூ சேர்த்துப் புளிக்கவைத்து அரிஷ்டத்தில் சாராயம் உண்டாகச் செய்வதும் கரைப்பானைப் பற்றிய அறிவுதான். மறு பாதியை ஏற்க முடியவில்லை: நெய்யில் கொடுத்தால் வீரியம் கூடும் என்பதும் சோதித்துப் பார்க்க வேண்டிய கூற்றே. முறையின் பெயரைச் சொல்லி அதற்கு விலக்குக் கேட்கக் கூடாது.

நான் கேட்பது மூன்று பாத். ஒன்றில் சமையலறையில் காய்ச்சியபடியே ஓமத் தண்ணீர், அதன் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் அளந்து குறித்து. இரண்டாவதில் மெத்தனால் சாறு. மூன்றாவதில் அதே அளவு கரைப்பான் மட்டும். அந்த மூன்றாவது வரைபடத்தையும் கட்டுரையில் அச்சிடுங்கள்.