யார் இறங்கினால் சாகசம்?

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றி எழுதப்படும் பயணக் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. சென்னையில் புறப்பட்டால் முட்டுக்காட்டில் படகு, கோவளத்தில் அலைச்சறுக்கு, வடநெம்மேலியில் முதலைப் பண்ணை, மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில். இன்னும் தெற்கே போனால் பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு. இடப்பக்கம் கடல் கூடவே வரும்.

இந்தக் கட்டுரைகளோடு வரும் படங்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டியபடி கடலைப் பார்த்து நிற்பாள். அவளுக்கு முகமில்லை, வேலையில்லை. கடலைப் போலவே அவளும் பார்ப்பதற்கானவள். கரைக்குத் தரும் அடைமொழியோ 'கன்னித்தன்மை மாறாதது'. யார் காலும் படாத இடம் என்று அதற்குப் பொருள். ஓர் இடத்தைப் புகழ்வதற்கும் பெண்ணுடல்தான் அளவுகோலாக வேண்டியிருக்கிறது.

உண்மையில் அந்த மணலில் விடியும் முன்பே பெண்கள் வந்துவிடுகிறார்கள். படகு கரை சேர்ந்ததும் ஏலம் எடுப்பது, அன்னக்கூடையில் மீனைச் சுமந்து விற்கப்போவது, விற்காததைக் கருவாடாக்குவது எல்லாம் அவர்கள் வேலை. ஆளற்ற கரை என்று எழுத வேண்டுமானால் இவர்களைப் பார்க்காமல் இருக்கவேண்டும். பார்த்தாலும் 'சுடச்சுட மீன் வறுத்துத் தரும் அக்கா'வாக ஒரு வரியில் வந்துபோவார்கள்.

நகரத்துப் பெண் விடுமுறைக்குக் கடலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. அப்பா, அண்ணன், கணவன் என்று யார் துணையும் இல்லாமல் தோழிகளோடு காரில் ஏறுவதற்கே இங்கே பலர் வீட்டில் போராட வேண்டியிருக்கிறது. அவள் அலைப்பலகையில் நிற்பதும் நல்லதுதான். என் கேள்வி 'சாகசம்' என்ற சொல்லைப் பற்றியது. யார் கடலில் இறங்கினால் அது சாகசம்?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை இதே கரையைத் தாக்கியது. ஆக்ஸ்பாம் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட அறிக்கை, கடலூரில் இறந்த பெண்களின் எண்ணிக்கை ஆண்களைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்கிறது. ஆழ்கடலில் இருந்த ஆண்களின் படகுகளுக்கு அடியில் அலை உயராமல் கடந்துபோனது. மீனுக்காகக் காத்திருந்த பெண்கள் கரையில் இருந்தார்கள். பலருக்கு நீந்தத் தெரியாது. சேலை காலைச் சுற்றியது, இடுப்பில் பிள்ளை இருந்தது. கடலுக்கு 'அம்மா' என்று பெயர் வைத்த ஊர்களில், அலைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு நீச்சல் சொல்லித்தர யாருக்கும் தோன்றவில்லை. பையன் தானாகக் கற்றுக்கொண்டான். பெண்ணை வயதுக்கு வந்ததும் தண்ணீரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இதே சாலையில் தெற்கே ராமநாதபுரம் வரை போவோம். காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் பயணிகளைப் படகில் அழைத்துப் போகிறார்கள், துடுப்புப் படகும் உண்டு. பயணக் கட்டுரைகள் இதைக் கொண்டாடுகின்றன. அங்கிருந்து அதிக தூரமில்லாத பாம்பன் பகுதியில் பெண்கள் தலைமுறைகளாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கி இறங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி அப்படித்தான் கரைக்கு வருகிறது. அதிலிருந்து எடுக்கும் அகார் எங்கெங்கோ உணவிலும் மருந்திலும் சேர்கிறது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் இந்தப் பெண்கள் அத்துமீறி நுழைகிறவர்கள் ஆனார்கள். பவளப்பாறையைக் காக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவர்களுக்கும் இல்லை. மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய உரிமைக்காக நின்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. ஆனாலும் நம் பயணக் கட்டுரையாளர்கள் அவர்களைச் சாகசக்காரிகள் என்று எழுதுவதில்லை. கட்டணம் கட்டி ஒரு மணிநேரம் துடுப்புப் போட்டால் சாகசம். வயிற்றுக்காக நாளெல்லாம் மூழ்கினால் அது பிழைப்பு, சில சமயம் குற்றம்.

விதிவிலக்காக ஒரு படைப்பைச் சொல்லலாம். 2020-இல் பாஃப்டா குறும்பட விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட 'கமலி', மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி சறுக்குப்பலகையில் ஏறுவதைக் காட்டுகிறது. பலகையோடு நின்றுவிடாமல், அவளைத் தனியாக வளர்க்கும் தாயிடமும் போகிறது. அந்தச் சிறுமி யாருடைய உழைப்பின் மேல் நிற்கிறாள் என்பது நமக்குத் தெரிகிறது. பயணக் கட்டுரைகளில் இல்லாமல் போவது இந்த இரண்டாவது பார்வைதான்.

மாணவியர் ஒன்று செய்து பார்க்கலாம். அடுத்தமுறை கடற்கரைப் பயணக் கட்டுரை ஒன்றைக் கையில் எடுத்தால், பெண்ணுக்கு வரும் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். நிற்கிறாள், ரசிக்கிறாள், சிரிக்கிறாள், பரிமாறுகிறாள். நீந்துகிறாள், மூழ்குகிறாள், ஏலம் கேட்கிறாள் என்பவை எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுங்கள். பிறகு உங்கள் ஊராட்சியிடமும் பள்ளியிடமும் கேளுங்கள்: அலைச்சறுக்குக்கு விழா எடுக்கும் இந்தக் கரையில், குப்பத்துப் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருவது எப்போது?