வெண்மையில் ஒரு மஞ்சள்

1911 ஜனவரியில், அண்டார்க்டிகாவின் கேப் எவன்ஸ் அருகே ஒரு பனிப்பாறைக் குகைக்குள்ளிருந்து ஹெர்பர்ட் பாண்டிங் எடுத்த புகைப்படம் துருவப் படங்களிலேயே மிகவும் புகழ்பெற்றது. குகை வாயிலில் இரண்டு ஆண்கள், தூரத்தில் ‘டெர்ரா நோவா’ கப்பல். அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இருவரும் நிற்பது பனியின் பிரமாண்டத்தை நமக்கு அளந்துகாட்டத்தான். குளிரும் பசியும் அறியாதவர்கள்போல நிற்கிறார்கள்.

உண்மையில் உடல்கள் படாத பாடு பட்டன. பாண்டிங்குக்காக விறைத்துப்போகும்வரை அசையாமல் நிற்பதற்குக் குழுவினர் கேலியாக அவர் பெயரிலேயே ஒரு வினைச்சொல் வைத்திருந்தார்கள். அதே செப்டம்பரில், அவர் படத்துக்காகப் பனிப்பாறைமேல் நின்ற சமையல்காரர் கிளிசோல்ட் கீழே விழுந்து அடிபட்டார். தென்துருவம் நோக்கிப் புறப்பட்ட மோட்டார் வண்டிக் குழுவில் அவரால் சேர முடியவில்லை. தலைவர் ஸ்காட்டின் மரணம் காவியமாகிவிட்டது. சமையல்காரர் விழுந்தது அடிக்குறிப்பாகக் கிடக்கிறது. எனக்கு அந்த அடிக்குறிப்புதான் முக்கியம்.

பெண்ணுடலுக்கோ சட்டகத்துக்குள் இடமே இல்லை. அமெரிக்க அண்டார்க்டிக் திட்டத்தில் 1969 வரை பெண் ஆய்வாளர்களுக்கு அனுமதியில்லை. போக்குவரத்தைக் கையில் வைத்திருந்த கடற்படை அவர்களை ஏற்றிச்செல்ல மறுத்தது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, கழிப்பறை வசதி இல்லை என்பது. (வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவிகள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.) அந்த நவம்பரில் தென்துருவத்துக்குப் போன ஆறு பெண்கள், ‘முதல் பெண்’ என்று ஒருத்தியை மட்டும் பிரித்தெடுக்க முடியாதபடி, கைகோத்தபடி சேர்ந்தே விமானத்திலிருந்து இறங்கினார்கள்.

நியூசிலாந்தின் ஆன் நோபல் 2008இல் எடுத்த ‘பிஸ் போல்ஸ்’ வரிசையை இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன். பனியில் நட்ட ஒரு கொடிக்கம்பம். களப்பணியாளர்கள் சிறுநீர் கழிக்க ஒதுக்கிய இடம். அடியில் பனி மஞ்சளாகியிருக்கிறது. அவ்வளவுதான் படம். நூறாண்டு வெண்மையை அந்த மஞ்சள் கலைத்துவிடுகிறது.

ஒரு குறையும் உண்டு. நின்றபடி கழிப்பவருக்கும், அடுக்கடுக்கான உடைகளை அவிழ்த்து அந்தக் காற்றில் குந்தவேண்டியவளுக்கும் அந்தக் கம்பம் ஒன்றல்ல. கறை யாருடையது என்று படம் சொல்வதில்லை.

ஆனாலும் நோபலைப் பார்த்தபின் பாண்டிங்கின் குகைக்குத் திரும்பினால், பனியின் பிரமாண்டம் முதலில் கண்ணில் படுவதில்லை. இந்த இரண்டு பேரும் எங்கே போய் ஒதுங்கினார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.