திருச்சி விமானம் தத்தளித்ததா?

2024 அக்டோபர் 11 மாலை. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்துவிட்டு, 141 பயணிகளோடு திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. அதுவரை டிவியில் நேரலை. இறங்க முடியாமல் தத்தளிக்கிறது என்கிற தொனி. உள்ளே இருந்தவர்களின் வீட்டார் இதைத்தானே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்? என் கோபம் அங்கேதான்.

அந்த விமானம் தத்தளிக்கவில்லை. எரிபொருளைத் தீர்த்துக்கொண்டிருந்தது. 737-இல் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது, எரித்துத்தான் தீர்க்கணும். ஹைட்ராலிக் பழுதானால் பிரேக், ஃபிளாப் போன்றவற்றுக்கு மாற்று ஏற்பாட்டை நம்ப வேண்டிவரலாம். நிற்பதற்கு அதிக ஓடுதளம் பிடிக்கும். எடை குறைந்தால் இறங்கும் வேகமும் குறையும். அதற்குத்தான் அத்தனை சுற்று. (கிரிவலப் பாதையில் குடியிருக்கிறேன். சுற்றி வருகிறவர்களைத் தத்தளிக்கிறார்கள் என்று இங்கே யாரும் சொல்வதில்லை.)

சரி, கட்டுப்பாடு போய்விடாதா? 737-இல் ஏ, பி என்று இரண்டு ஹைட்ராலிக் சிஸ்டம், கூடவே ஒரு ஸ்டாண்ட்பை. ஏலரான், எலிவேட்டர், ரட்டர் மூன்றையும் அசைக்க ஏ, பி-யில் ஒன்று போதும். இரண்டுமே போனாலும் ஏலரானையும் எலிவேட்டரையும் பைலட் கேபிள் வழியாகக் கைபலத்திலேயே இயக்கலாம். ரொம்பக் கனமாக இருக்கும், ஆனால் முடியும். சக்கரங்களைப் பூட்டு விடுவித்தால் தம் எடையிலேயே கீழே இறங்கிவிடும். இந்த ஒரு பத்தியை நேரலையில் யாராவது சொல்லியிருந்தால் எத்தனை பேருக்கு மூச்சு வந்திருக்கும்!

இதே திருச்சியில், 2018 அக்டோபர் 12 அதிகாலை, இதே நிறுவனத்தின் துபாய் விமானம் மேலே எழும்பும்போது ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்தது. 130 பயணிகள். டவரில் விசாரித்தபோது காக்பிட்டில் எல்லாம் நார்மல். வயிற்றுப் பகுதி கிழிந்த நிலையில் சுமார் 4 மணி நேரம் பறந்து, கடைசியில் மும்பையில் இறக்கப்பட்டது. என் கணக்கில் அதுதான் பயங்கரம். தெரிந்த கோளாறுக்கு செக்லிஸ்ட் இருக்கிறது. தெரியாத சேதத்துக்கு எதைப் புரட்டுவது? அதற்கு நேரலை இல்லை. விடிந்த பிறகு இடிந்த சுவரைக் காட்டினார்கள்.

2024-இல் விமானம் இறங்கியதும் கைதட்டல், பாராட்டு. பைலட்டுகளுக்கு அது தகும். ஆனால் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஹைட்ராலிக் ஏன் போனது, அதற்கு முந்தைய பராமரிப்பில் என்ன பார்த்தார்கள்? இரண்டு மணி நேரம் கேமராவை வானத்தை நோக்கி வைத்திருந்தவர்கள், டிஜிசிஏ விசாரிக்கும் என்ற ஒரு வரியோடு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள்.