மூன்று காணியும் ஒரு நட்டஈடும்

“ஒரு வருஷம் மூணு காணி மூழ்கிப் போச்சு அண்ணே” என்றேன். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்காகக் கிளிநொச்சியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தவர் திடுக்கிட்டார். “மூண்டு காணியோ? எந்தெந்த ஊரில இருக்கு?” என்று கேட்டார். சிதம்பரம் பக்கத்தில் எங்களுக்குக் காணி என்பது ஓர் அளவு, 1.32 ஏக்கர். அவருக்குக் காணி என்றால் நிலம், எந்த நிலமும். அளக்கும்போது யாழ்ப்பாணத்தார் பரப்பு என்பார்கள், வன்னிக்காரர் ஏக்கர் என்பார்கள். மூன்று ஊரில் நிலம் வைத்திருக்கும் பெரிய கமக்காரன் என்று என்னை ஒரு நிமிடம் நினைத்துவிட்டார்.

விளக்கிச் சொன்னேன். எங்கள் நிலம் கொள்ளிடத்தின் வடகரையில், பள்ளத்தில் இருக்கிறது. மேட்டூரில் உபரி நீர் திறந்தாலும் எங்களுக்கு வரும்; வீராணம் நிரம்பி வெள்ளியங்கால் ஓடையில் விட்டாலும் குமராட்சிப் பக்கத்து வயல்களுக்கு வரும். அந்த ஆண்டு சம்பா கதிர் வரும் நேரத்தில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. காப்பீடு செய்திருந்தேன். பணம் வரவில்லை. ஊரின் மேட்டுப் பக்கத்தில் நல்ல விளைச்சல். இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தபோது இழப்பே இல்லை என்று ஆகிவிட்டது.

அவர் சொன்னார்: “தம்பி, அப்ப உங்கட இன்சூரன்ஸ் காசு குடுத்து வாங்கிற லொத்தர் டிக்கட் மாதிரித்தானே. எங்கட பக்கம் ஒரு சதமும் கட்டத் தேவையில்ல. வயல் அழிஞ்சா வயலைப் பாத்துக் காசு தருவினம்.”

சிரித்தபடிதான் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதற்கு எழுதும் பதில்தான் இது.

முதலில் அவர்களுக்குரிய பெருமையைக் கொடுத்துவிடுகிறேன். நெற்பயிருக்குக் காப்பு என்பதை இலங்கையில் 1958இலேயே தொடங்கிவிட்டார்கள். 1961இல் சட்டம் வந்தது, 1973இல் அதற்கென ஒரு சபை அமைந்தது, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை ஆனது. நாம் 1972இல் குஜராத்தில் பருத்திக்குச் சோதனை பார்த்து, 1985இல்தான் நாடு தழுவிய திட்டத்துக்கு வந்தோம். இதில் அவர்கள் மூத்தவர்கள்.

சொற்களிலும் அவர்களிடம் ஓர் அழகு இருக்கிறது. நாம் காப்பீடு என்கிறோம். அவர்கள் காப்புறுதி என்கிறார்கள். நிலப் பத்திரத்தையும் அவர்கள் உறுதி என்றே சொல்கிறார்கள். “உறுதி எண்டா எழுத்தில இருக்கிறது தம்பி” என்றார் விருந்தினர். நாம் பிரீமியம் என்பதை அவர்கள் கட்டுப்பணம் என்கிறார்கள். நமக்குச் சம்பா, தாளடி, குறுவை. அவர்களுக்குக் காலபோகம், சிறுபோகம். நமக்கு இழப்பீடு, அவர்களுக்கு நட்டஈடு. காப்பைச் சொல்லும்போது உறுதி, ஈடு என்று பிரிந்தாலும், காசு கைக்கு வரும்போது இரு பக்கமும் ஈடு என்ற சொல்லில்தான் வந்து சேர்கிறோம். சொல் மட்டுமல்ல, உறவும் பழையது: சிதம்பரத்துக்கென்று யாழ்ப்பாணத்தில் காணி எழுதிவைத்த குடும்பங்கள் இருந்தன. 1864இல் ஆறுமுக நாவலர் இங்கே வந்து சைவப்பிரகாச வித்தியாசாலை வைத்தார். ஒருவர் வயலைப் பற்றி மற்றவர் பேச இவ்வளவு உரிமை உண்டு.

ஆனால் ‘ஒரு சதமும் கட்டத் தேவையில்ல’ என்றதை நான் அப்படியே விடமாட்டேன். இலங்கையில் வங்கிகளும் நிதி, காப்புறுதி நிறுவனங்களும் வரி போக மிஞ்சும் இலாபத்தில் நூற்றுக்கு 1 பங்கை இதற்கென்று செலுத்த வேண்டும் என்று 2013இல் விதித்தார்கள். அந்தப் பணத்திலிருந்துதான் நெல், சோளம், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், சோயா, மிளகாய் ஆகிய ஆறு பயிர்களுக்கு உழவனிடம் வாங்காமல் காப்புத் தருகிறார்கள். விருந்தினர் சொன்ன உச்சவரம்பு ஏக்கருக்கு 40,000 ரூபாய். அவர் அந்தத் தொகையைச் சொன்னபோது என் மனைவிகூட வியந்தாள். அது இலங்கை ரூபாய். நம் பணத்தில் பதினோராயிரம் சொச்சம்.

எங்கள் கணக்கு இது. 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு உழவர் கட்டுவது காப்புத் தொகையில் 1.5 விழுக்காடு. கடலூர் மாவட்டத்தில் ஏக்கருக்கு ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய். அப்படியானால் காப்புத் தொகை 35,000 ரூபாயை ஒட்டியோ மேலேயோ வரும். மிச்சப் பிரீமியத்தை மத்திய அரசும் மாநில அரசும் கட்டுகின்றன. சம்பா அறுவடையை ஒட்டிய ஈரத்தில் நாங்கள் தெளிக்கும் உளுந்துக்கும் காப்பீடு உண்டு. அவர்களுடைய ஆறு பயிர்களில் உளுந்து இல்லை. வாழை, மரவள்ளி என்றால் நாங்கள் 5 விழுக்காடு கட்ட வேண்டும். காசு கட்டியவன் கையில் ரசீது இருக்கிறது. ரசீது இருப்பவன் கேட்கலாம், கூட்டத்தில் எழுந்து நிற்கலாம், வழக்கும் போடலாம். கொடுத்தால் வாங்கிக்கொள்வது வேறு, கட்டியதைக் கேட்பது வேறு.

கட்டியதைக் கேட்டும் எனக்குக் கிடைக்கவில்லையே என்பீர்கள். அங்கேதான் விருந்தினர் சொன்னது உறுத்துகிறது. இலங்கையில் கமக்காரர் தம் கமநல சேவை நிலையத்தில் பதிந்திருக்க வேண்டும். சேதம் வந்தால் அறிவிக்க வேண்டும். அலுவலர் வந்து அந்த வயலையே பார்ப்பார். வெள்ளம், வறட்சியோடு யானை மிதித்தாலும் கணக்கில் வரும். நம்மிடம் வயலைப் பார்ப்பதில்லை, ஊரைப் பார்க்கிறார்கள். வருவாய்க் கிராமத்துக்கு நான்கு இடத்தில், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் போட்டு அறுத்து எடை பார்ப்பதற்கு அறுவடைப் பரிசோதனை என்று பெயர். கடந்த ஏழு ஆண்டில் நல்ல ஐந்து ஆண்டின் சராசரியிலிருந்து ஒரு வரம்பு விளைச்சல் வகுத்திருக்கிறார்கள். பரிசோதனையில் அதைவிடக் குறைந்தால்தான் ஊருக்கே இழப்பீடு. பொருளாதார அறிஞர் வி.எம். தாண்டேகர் எழுபதுகளில் வாதாடிக் கொண்டுவந்த முறை இது. கோடிக்கணக்கான துண்டு வயல்களை ஆள் வைத்துப் பார்க்க முடியாது என்பது அவர் வாதம். அதை நான் ஏற்கிறேன். இலங்கை முழுவதும் சேர்ந்தாலும் தமிழ்நாட்டில் பாதிதான். அங்கே வயலுக்கு வயல் போக முடிகிறது. ஊர் முழுக்க ஒரே கணக்கு என்பதால் ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு என்று எழுத அலுவலருக்கு இடமும் இல்லை.

இருந்தாலும் ஒரே ஊரில் மேடும் பள்ளமும் இருக்கிறதே. கொள்ளிடக் கரையில் பிறந்தவனுக்கு இந்த முறை போதாது. நெல் வயல் மூழ்குவதைத் தனி வயல் சேதமாக எடுத்துக்கொள்ளும் பிரிவு தொடக்கத்தில் இருந்தது; 2018இல் அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் பிழை எங்களைப் போன்றவர்கள் தலையில் விடிந்தது. 2025 நவம்பரில் மத்திய அரசு அந்தப் பிரிவைத் திரும்பச் சேர்ப்பதாக அறிவித்தது. காட்டு விலங்குச் சேதமும் உடன் சேர்கிறது. 2026 காரிஃப் பருவம் முதல் நடைமுறை. சேதமான 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்தோடு அறிவிக்க வேண்டும். விருந்தினரின் லொத்தர் பேச்சுக்கு முழுப் பதில் இதில்தான் இருக்கிறது. அவர் அடுத்த மார்கழிக்கு வரும்போது நேரில் சொல்வேன்.

இலங்கைக்கு நானும் ஒருமுறை போயிருக்கிறேன். திருக்கேதீச்சரம், நல்லூர், கோணேசுவரம் என்று ஆறு நாள், பேருந்து ஜன்னலோரம். இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களை அப்படித்தான் பார்த்தேன், பச்சை கண்ணை நிறைத்தது. வரப்பில் இறங்கி நடந்தது நம் வயலில்தான். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததையும், 2015 வெள்ளத்தையும், 2024இல் ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த தென்பெண்ணைத் தண்ணீரையும் பார்த்த மாவட்டம் இது. ஒவ்வொரு முறையும் இந்த மண்ணில் மறு நடவு நடந்திருக்கிறது. அந்தத் திடம் வேறெங்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிலமும் மாடும் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளத்து நெல்லுக்குக் கட்டாயம் கட்டுங்கள். 2020 முதல் கடன் வாங்கியவருக்கும் இது விருப்பம்தான். கூட்டுறவுச் சங்கம் தானே பிடித்திருக்கும் என்று இருந்துவிடாதீர்கள், கேட்டு உறுதிசெய்யுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தோடு பொதுச் சேவை மையத்துக்குப் போனால் கையோடு ரசீது தருவார்கள். அதில் சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும் சரியா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். கிராமம் மாறினால் உங்கள் இழப்பும் வேறு ஊர்க் கணக்கில் போய்விடும். கறவை மாட்டுக்குக் காப்பீடு எடுத்தால் காதுவில்லை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லி மறுபடி போடுங்கள். வில்லை இல்லாத மாட்டுக்குப் பணம் கிடையாது.

சம்பாவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. நீட்டிப்பார்கள் என்று காத்திராதீர்கள். தண்ணீர் ஏறினால் வரப்பில் நின்று முதலில் படம் எடுங்கள், பிறகு வடிகால் வெட்டுங்கள்.