‘பெண் மாதிரி’ என்னும் நோய்

‘அழகுச் சந்தை இப்போது ஆண்களையும் விட்டுவைக்கவில்லை, இதிலாவது சமத்துவம் வந்துவிட்டது’ என்கிறார்கள். ஆண்களுக்குச் செய்யப்படும் மார்புக் குறைப்பு அறுவை சிகிச்சையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இதற்கான காரணத்துக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் கைனகோமாஸ்டியா. கிரேக்கத்தில் ‘பெண்’, ‘முலை’ என்ற இரு சொற்களின் கூட்டு. ஆணுடலிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. மார்பில் சுரப்பித் திசுவும் உண்டு. பிறந்த குழந்தைக்கும் வளரிளம் பையனுக்கும் முதியவருக்கும் அது சற்று வீங்குவது சாதாரணம். பையன்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே வடிந்துவிடும். மருந்தாலோ நோயாலோ வந்தால் மருத்துவம் தேவைதான். ஆனால் பலரை அறுவை மேசைக்கு அனுப்புவது நோயல்ல, கேலி. சட்டையைக் கழற்றும் இடமெல்லாம் அவன் கேட்பது ஒன்றே: ‘பொம்பள மாதிரி இருக்க.’

கொழுப்பை உறிஞ்சி, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரம் கீறி, சுரப்பியை வெட்டியெடுக்கிறார்கள். பிறகு வாரக்கணக்கில் இறுக்கமான உள்ளாடை. அதே கிளினிக்கில் பெண்ணுக்கு மார்பைப் பெரிதாக்கவும் செய்கிறார்கள். அவள் போதுமான அளவு பெண்ணாக இல்லை. அவன் கொஞ்சம் பெண்ணாகிவிட்டான். இருவர் குறையையும் அளக்கும் கோல் பெண்ணுடல்தான். அவளுக்கு அது கடமை, அவனுக்கு அவமானம். இதில் சமத்துவம் எங்கே?

அந்த இளைஞனின் வேதனை பொய்யல்ல. அவனைப் பார்த்துச் சிரிப்பது பெண்ணியமும் அல்ல. வெட்டியெடுக்க வேண்டியது அவன் சதையை அல்ல. ‘பெண் மாதிரி’ என்பது வசையாக இருக்கும்வரை, எந்த ஆணுடலிலும் வெட்டுவதற்கு ஏதாவது மிச்சம் இருந்துகொண்டேயிருக்கும்.