யாருடைய முலை?

2018 பிப்ரவரியில், மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை ஏழைகளுக்கு இலவசம் என்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அறிவித்தார்கள். அழகுச் சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார் அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். உயிர் காக்கிற சிகிச்சை இருக்க இது எதுக்கு என்றார்கள் எதிர்த்தவர்கள். இரு தரப்பும் பெண்ணுடலைப் பற்றிப் பேசின, பெண்ணோடு பேசவில்லை.

பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற ஓர் அக்கா, மூணு பிள்ளைக்குப் பால் கொடுத்தவர், இதைக் கேட்டுச் சிரித்தார். "எங்களுக்கும் ஆசை இருக்கக் கூடாதாம்மா? ஆனா ஒரு மாசம் கூடை தூக்காதேன்னா யாரு சோறு போடுவா?" இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்து வாசிக்காத விமர்சனம் அரைகுறை என்பேன்.

பால் சுரக்கும்வரை முலையைப் புனிதமாக்குகிறது தாய்மை குறித்த சொல்லாடல். வற்றியதும் அதையே குறையாகக் காட்டுகிறது சந்தை. தளர்வுக்குப் பாலூட்டலே காரணம் என்பதும் கட்டுக்கதைதான். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு, வயது, உடல் எடை, கர்ப்பங்களின் எண்ணிக்கை, புகைப்பழக்கம் போன்றவற்றையே காரணமாகக் காட்டியது, பாலூட்டலை அல்ல.

அதற்காக அக்காவின் ஆசையைப் பொய்ப் பிரக்ஞை என்று ஒதுக்கிவிட முடியாது. உள்ளே வைக்கும் சிலிக்கான் பை ஆயுளுக்கும் நிற்பதல்ல, மறுபடி அறுவை தேவைப்படலாம். இதையெல்லாம் சொல்லி, ஓய்வு நாட்களுக்குக் கூலியும் கொடுத்த பிறகு அவர் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அது அவருடைய தேர்வு. அதுவரை 'இலவசம்' அரசின் சொல் மட்டுமே.